குப்பியில் 'எச்+எல்' என்று போட்டிருந்தால் அது ஐஜிஎம்மையும் பிடிக்குமா?

கேட்டவர் ஒரு முதுகலை மாணவர். புதர்ப் பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் என்ற சந்தேகத்தில் வந்தவர்களின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரை) வைத்து ப்ராஜெக்ட் செய்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: "ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இருந்த, ஆட்டில் தயாரித்த ஆன்டி-ஹியூமன் ஐஜிஜி எச்+எல் ஃபிட்சி (பச்சையாக ஒளிரும் சாயம்) குப்பியை எடுத்து ஐஜிஎம் இருக்கிறதா என்று பார்த்தேன். நோயாளிகளின் ஸ்லைடுகள் எல்லாம் பச்சையாக ஒளிர்கின்றன. ஆனால் கண்ட்ரோலுக்கு வைத்த ஆரோக்கியமான பத்துப் பேரில் நான்கு பேருடையதும் ஒளிர்கிறது. 'ஐஜிஜி என்றுதானே போட்டிருக்கிறது, இதில் ஐஜிஎம் எப்படித் தெரியும்' என்கிறார் கைடு. 'எச்+எல் என்றால் எல்லாவற்றையும் பிடிக்கும், கவலைப்படாதே' என்கிறார் சீனியர். யார் சொல்வது சரி? புதிதாக எதை வாங்குவது? நாமே சாயம் ஒட்டிக்கொள்ளலாமா?"

உங்கள் சீனியர் சொல்வது சரி. எச்+எல் குப்பி ஐஜிஎம்மையும் பிடிக்கும். ஆனால் அவர் 'கவலைப்படாதே' என்கிறார் பாருங்கள், அங்கேதான் தவறு. ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ என்ற மூன்று ஆன்டிபாடி வகைகளையும் அது பிடிக்கும். எதைப் பிடித்தது என்று மட்டும் சொல்லாது. உங்களுக்கு வேண்டியதோ அந்த ஒரு தகவல்தான், ஏனென்றால் புதுத் தொற்றில் முதலில் தோன்றுவது ஐஜிஎம். கைடு சொன்ன காரணம் சரியல்ல, ஆனால் அந்தக் குப்பி ஐஜிஎம்முக்கு ஆகாது என்ற அவருடைய முடிவு சரி.

ஏன் என்று பார்ப்போம். பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். லேபில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் ஆன்டிபாடி என்றே எழுதுகிறேன். ஒரு ஆன்டிபாடி மூலக்கூறு பையன்கள் மாங்காய் அடிக்கும் கவட்டை மாதிரி இருக்கும். கைப்பிடி ஒன்று, மேலே இரண்டு கிளைகள். கைப்பிடியில் தொடங்கிக் கிளையின் நுனி வரை ஓடுவது கனமான சங்கிலி. கிளையின் பக்கவாட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பது லேசான சங்கிலி. எச் என்பது கனமானது, எல் என்பது லேசானது. ஒரு ஆன்டிபாடி எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது கனமான சங்கிலி. காமா இருந்தால் ஐஜிஜி, மியூ இருந்தால் ஐஜிஎம், ஆல்ஃபா இருந்தால் ஐஜிஏ. லேசான சங்கிலியில் அந்த வேறுபாடு கிடையாது. காப்பா, லாம்டா என்று இரண்டே வகைதான், எல்லா வகை ஆன்டிபாடிகளுக்கும் அவையே பொது.

இப்போது அந்தக் குப்பி எப்படித் தயாரானது என்று யோசியுங்கள். மனித ஐஜிஜியை முழுசாக ஓர் ஆட்டுக்கு ஊசி போடுகிறார்கள். ஆட்டுக்கு அது அந்நியப் பொருள். கைப்பிடி, கிளை, காமா, காப்பா, லாம்டா என்று எல்லாப் பகுதிகளுக்கும் எதிராக அது ஆன்டிபாடி செய்கிறது. அந்த ஆட்டின் சீரத்தை எடுத்து, மனித ஐஜிஜி ஒட்டிய மணிகள் நிரப்பிய குழாயின் வழியே ஓடவிட்டு, ஒட்டிக்கொண்டதை மட்டும் பிரித்தெடுத்து, சாயம் ஏற்றினால் உங்கள் குப்பி தயார். அதில் ஒரு பங்கு காப்பா, லாம்டாவுக்கு எதிரானது. ஐஜிஎம் என்பது ஐந்து கவட்டைகள் வட்டமாகச் சேர்ந்த உருவம். அதில் பத்து லேசான சங்கிலிகள் இருக்கின்றன. ஆகவே 'ஆன்டி ஐஜிஜி' என்று பெயர் போட்ட குப்பி ஐஜிஎம்மையும் தாராளமாகப் பிடிக்கும்.

சரி, ஆரோக்கியமானவர்களின் சீரம் ஏன் ஒளிர்கிறது? ஒரு சாதாரண மனிதரின் ஒரு மி.லி. சீரத்தில் ஐஜிஜி ஏறத்தாழ 7 முதல் 16 மில்லிகிராம் இருக்கும். ஐஜிஎம் பெரும்பாலும் ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். அதாவது எச்+எல் போட்டுப் பார்க்கும்போது நீங்கள் முதன்மையாகப் பார்ப்பது ஐஜிஜியை. ஐஜிஜியோ பழைய கணக்கு. முன்பு எப்போதோ புதரோரம் பூச்சி கடித்து, காய்ச்சல் வந்து, தானாகவோ மருந்தாலோ சரியான ஆளின் ரத்தத்தில் பல மாதங்களுக்கு, சிலரிடம் வருடக் கணக்கில்கூட அது தங்கியிருக்கும். ஸ்க்ரப் டைஃபஸ் அடிக்கடி வரும் பகுதிகளில் (வேலூர் வட்டாரத்திலிருந்து இது பற்றி நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன) ஊர்க்காரர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் சிலரிடம் பழைய ஐஜிஜி இருப்பது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். உங்கள் நான்கு பேர் பழைய தொற்றுக்காரர்களா, அல்லது அது வெறும் பேக்ரவுண்டா (பொருளில்லாத பின்னணி ஒளியா) என்பதை இந்தக் குப்பியை வைத்துப் பிரிக்கவே முடியாது.

இப்போது குப்பியின் லேபிள். பெரும்பாலான மாணவர்கள் அதில் இரண்டு சொற்களைத்தான் படிக்கிறார்கள்: ஹியூமன், ஃபிட்சி. மீதி இருப்பதுதான் முக்கியம்.

முதலில் எதைப் பிடிக்கும் என்பது. 'எச்+எல்' என்றால் மேலே சொன்ன கதை. 'எஃப்சி ஸ்பெசிஃபிக்' என்றால் கவட்டையின் கைப்பிடிக்கு மட்டும் எதிரானது. கைப்பிடியில் லேசான சங்கிலி இல்லாததால் மற்ற வகைகள் தொல்லை தராது. 'காமா செயின் ஸ்பெசிஃபிக்', 'மியூ செயின் ஸ்பெசிஃபிக்' என்றால் அந்தந்தக் கனமான சங்கிலிக்கு மட்டும். ஐஜிஎம் பார்க்க வேண்டுமானால் 'மியூ' என்ற சொல் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. 'ஆன்டி-ஹியூமன் ஐஜிஎம்' என்று மட்டும் போட்ட குப்பிகளும் சந்தையில் இருக்கின்றன, அதன் ஸ்பெசிஃபிகேஷன் தாளைப் பிரித்துப் பார்த்தால் அங்கேயும் எச்+எல் என்று இருக்கும். பெயரில் ஐஜிஎம் இருக்கிறதே என்று நம்பி வாங்கினால், இப்போது ஐஜிஜி குப்பியில் நடந்ததே திரும்பவும் நடக்கும்.

அடுத்தது 'கிராஸ்-அட்சார்ப்டு'. வேறு விலங்குகளின் சீரம் ஒட்டிய மணிகள் நிரப்பிய குழாயில் ஓடவிட்டு, அங்கே ஒட்டியதைக் கழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். உங்கள் ஸ்லைடில் ஸ்க்ரப் டைஃபஸை உண்டாக்கும் ஓரியன்சியா கிருமியை வளர்த்த செல்கள் இருக்கின்றன. அந்த செல்கள் எல்929 என்றால் அவை சுண்டெலியினுடையவை. வளர்க்கும்போது ஊற்றியது கன்றுக்குட்டி சீரம். ஆகவே சுண்டெலிக்கும் மாட்டுக்கும் எதிராகக் கழித்த கான்ஜுகேட் (சாயம் ஏற்றிய ஆன்டிபாடி) உங்களுக்கு நல்லது. மாட்டு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கான்ஜுகேட்டைக் கலக்கும் பஃபரில் நாம் போடும் பிஎஸ்ஏ (மாட்டு சீரத்தின் ஆல்புமின் புரதம்), பால் பவுடர் எல்லாமே மாட்டுச் சரக்கு. மலிவான பிஎஸ்ஏவில் மாட்டு ஐஜிஜி கொஞ்சம் கலந்திருக்கும். கழிக்காத கான்ஜுகேட்டில் ஒரு பகுதி ஸ்லைடுக்குப் போகாமல் குழாயிலேயே அதோடு ஒட்டிக்கொள்ளும், பச்சை மங்கும், நீங்கள் மைக்ராஸ்கோப்பைத் திட்டுவீர்கள்.

இதே இனத்தில் நான் செய்த கூத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில், பேக்ரவுண்டைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கான்ஜுகேட்டை ஐந்து சதவீதம் நார்மல் மனித சீரத்தில் கரைத்தேன். வேறொரு லேபின் புரோட்டோகாலில் அப்படி இருந்தது. அது எலி ஆன்டிபாடிக்கான புரோட்டோகால் என்பது எனக்குப் படவில்லை. அன்றைக்கு முப்பது ஸ்லைடு. எல்லாம் கும்மிருட்டு. பாசிட்டிவ் கண்ட்ரோலும் சேர்த்து. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து சதவீதச் சீரத்தில் மி.லி.க்கு ஏறத்தாழ 500 மைக்ரோகிராம் மனித ஐஜிஜி. நான் போட்ட கான்ஜுகேட் மி.லி.க்கு 5 மைக்ரோகிராம். தேடிப் பிடிக்க வேண்டிய ஆளையே நூறு மடங்காகக் குழாய்க்குள் உட்காரவைத்துவிட்டு, ஸ்லைடில் ஏன் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆன்டி-ஹியூமன் கான்ஜுகேட் போடும் இடத்தில் மனித சீரம் கூடவே கூடாது. பிளாக் செய்ய வேண்டுமென்றால் கான்ஜுகேட் எந்த விலங்கில் தயாரானதோ அதன் சீரம், உங்களுக்கு ஆடு.

மூன்றாவது, முழு ஆன்டிபாடியா, வெட்டியதா என்பது. பெப்சின் என்ற என்சைம் போட்டால் கைப்பிடி சிதைந்து, இரண்டு கிளையும் சேர்ந்த துண்டு மட்டும் நிற்கும். லேபிளில் எஃப்ஏபி-டூ என்று போட்டிருப்பது இதைத்தான். மோனோசைட், பி செல் போன்றவற்றின் மேல் ஆன்டிபாடியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும் ரிசெப்டர்கள் உண்டு. ரத்த செல்களையோ திசுவையோ பார்ப்பவர்களுக்கு அதனால் வெட்டியதுதான் பாதுகாப்பு. உங்கள் ஸ்லைடில் அந்த செல்கள் இல்லை, ஆனாலும் வேறொரு காரணத்துக்காக நான் வெட்டியதையே சிபாரிசு செய்வேன். அந்தக் காரணத்தின் பெயர் ரூமட்டாய்டு ஃபேக்டர்.

ஐஜிஎம் பரிசோதனையில் ஆட்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ரூமட்டாய்டு ஃபேக்டர் என்பது பெரும்பாலும் ஓர் ஐஜிஎம். அது எதைப் பிடிக்கும்? ஐஜிஜியின் கைப்பிடியை. மூட்டுவாதக்காரர்களிடம் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நீண்ட நாள் தொற்று உள்ளவர்களிடமும், வயதானவர்கள் சிலரிடமும் இருக்கும். இப்போது இப்படி ஓர் ஆள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பழைய ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஜி இருக்கிறது, புதிய தொற்று இல்லை, ஆனால் ரூமட்டாய்டு ஃபேக்டர் இருக்கிறது. ஸ்லைடில் கிருமியின் மேல் அவருடைய ஐஜிஜி போய் ஒட்டும். அந்த ஐஜிஜியின் கைப்பிடியில் ரூமட்டாய்டு ஃபேக்டர் ஏறி உட்காரும். அது ஐஜிஎம் என்பதால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அருமையான மியூ கான்ஜுகேட் அதைச் சரியாகப் பிடித்து ஒளிரும். கான்ஜுகேட் பொய் சொல்லவில்லை, அங்கே ஐஜிஎம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கிருமிக்கு எதிரானது அல்ல. போதாக்குறைக்கு, சில ரூமட்டாய்டு ஃபேக்டர்கள் ஆட்டு ஐஜிஜியின் கைப்பிடியையும் விட்டுவைக்காது. கைப்பிடியே இல்லாத கான்ஜுகேட் வாங்கினால் அந்தக் கடைசித் தொல்லையாவது போகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஐஜிஜி அதிகமாக இருக்கும் ஆளிடம், கிருமியின் மேல் உள்ள இடங்களை எல்லாம் அதுவே பிடித்துக்கொண்டால், உருவத்தில் பெரிய ஐஜிஎம்முக்கு இடம் கிடைக்காது. உண்மையில் பாசிட்டிவாக இருப்பவர் நெகட்டிவாகத் தெரிவார். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: ஸ்லைடில் போடுவதற்கு முன் சீரத்திலிருந்து ஐஜிஜியை நீக்குவது. மனித ஐஜிஜியின் காமா சங்கிலிக்கு மட்டும் எதிரான, சாயம் ஏற்றாத ஆட்டுச் சீரத்தை அளவாகக் கலந்தால் ஐஜிஜி திரண்டு வீழ்படிவாகும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். இதற்கென்றே ஐஜிஜி அப்சார்பென்ட் என்று தயார்நிலையில் விற்கிறார்கள். சிக்கனம் பார்த்து இந்த ஒரு படியைத் தாண்டி ஓடியவர்களின் ஐஜிஎம் முடிவுகளை நான் நம்புவதில்லை.

சாயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இதில்தான் உங்களுக்கு அதிகக் குழப்பம், ஆனால் உண்மையில் இது சின்ன விஷயம். ஆன்டிபாடியில் சாயம் ஒட்டலாம் என்று முதலில் செய்து காட்டியவர் ஹார்வர்டைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ். 1939-ல் பெர்லினில் விடுமுறையில் இருந்தபோது, ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களின் திசுவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சரக்கு உண்மையில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா என்று யோசித்ததில் பிறந்த எண்ணம் அது. 1941-ல் அவர் குழுவினர் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியில் ஆந்த்ரசீன் வகைச் சாயத்தை ஏற்றினார்கள். அது நீலமாக ஒளிர்ந்தது. திசுவும் தன்பாட்டுக்கு நீலம் கலந்து ஒளிர்வதால் எது எதுவென்று தெரியவில்லை. அதனால்தான் பச்சைக்கு, அதாவது ஃப்ளோரசீனுக்கு மாறினார்கள். அதை ஒட்டப் பயன்படுத்திய ஐசோசயனேட் சீக்கிரம் கெட்டுப்போகும், தயாரிக்கவோ பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வேண்டும். 1958-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஐசோதயோசயனேட் வடிவத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் இது எல்லா லேபுக்கும் வந்தது. நாம் ஃபிட்சி, ஃபிட்சி என்று சொல்வது அதைத்தான்.

நீங்கள் செய்வது போல, நோயாளியின் சீரத்தை முதலில் போட்டுவிட்டு அதன் மேல் சாயம் ஏற்றிய இரண்டாவது ஆன்டிபாடியைப் போடும் மறைமுக முறையை வைரஸ் ஆய்வாளர் தாமஸ் வெல்லரும் கூன்ஸும் 1954-ல் சின்னம்மைக் கிருமியான வேரிசெல்லாவுக்காகச் செய்தார்கள். போலியோ வைரஸை வளர்த்ததற்காக வெல்லர் நோபல் பரிசில் பங்கு பெற்றதும் அதே ஆண்டுதான். ஸ்க்ரப் டைஃபஸுக்கு இந்த முறை 1963-ல் வந்தது.

ஃபிட்சி 495 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கி 519 பக்கத்தில் பச்சையாக விடும். அதற்கு இரண்டு கெட்ட குணம். ஒன்று, வெளிச்சத்தில் வெளிறும். மைக்ராஸ்கோப்பில் ஓரிடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் முன்னாலேயே மங்கிப்போகும். இன்னொன்று, பிஎச் இறங்கினால் ஒளி குறையும். ஏழுக்குக் கீழே போனால் வேகமாகக் குறையும். அதனால்தான் மவுன்ட் செய்யும் கிளிசரால் பஃபரை 8.5-லிருந்து 9 வரை வைக்கிறோம். பழைய கிளிசரால் பாட்டிலை மாதக்கணக்கில் வைத்திருந்தால் பிஎச் பேப்பர் ஒன்றைக் கிழித்துத் தொட்டுப் பாருங்கள், பல 'மங்கல் ஸ்லைடு' மர்மங்கள் அங்கேயே தீரும். அலெக்சா ஃப்ளூர் 488 என்ற சாயமாக இருந்தால் இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறையும், ஃபில்டரும் அதேதான், விலை கூடுதல். ஃபைகோஎரித்ரின் என்று சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பெரிய புரதச் சாயம் உண்டு. செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அதற்கு ஈடில்லை, ஆனால் ஸ்லைடுக்கு வேண்டாம், சட்டென்று வெளிறிவிடும். உங்கள் வேலைக்கு ஃபிட்சியே போதும்.

சொந்தமாக ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டலாம், கஷ்டமில்லை. கார்பனேட் பஃபரில் பிஎச் 9-க்கு மேல் ஆன்டிபாடியை வைத்து, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த ஃபிட்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இருட்டில் மெதுவாகக் கலக்க வேண்டும். ஆன்டிபாடி வந்த குப்பியில் டிரிஸ்ஸோ சோடியம் அசைடோ இருந்தால் முதலில் டயாலிசிஸ் செய்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சாயம் ஆன்டிபாடிக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. அப்புறம் செஃபடெக்ஸ் ஜி-25 மணிகள் நிரப்பிய குழாயில் ஓடவிட்டால் மஞ்சள் பட்டை இரண்டாகப் பிரியும். முதலில் இறங்குவது சாயம் ஒட்டிய ஆன்டிபாடி. பின்னால் சோம்பேறித்தனமாக வருவது ஒட்டாத சாயம். இரண்டும் நடுவில் தெளிவாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கவே அழகாக இருக்கும். முதல் பட்டையை மட்டும் பிடியுங்கள்.

ஒரு ஆன்டிபாடிக்கு எத்தனை சாயம் ஒட்டியிருக்கிறது என்று கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும், வாங்கிய குப்பிக்கும் இது உதவும். உதாரணத்துக்கு ஒளி உறிஞ்சும் ரீடிங் 495 நானோமீட்டரில் 0.80, 280-லும் 0.80 என்று வைத்துக்கொள்வோம். ஃபிட்சியின் மோலார் குணகம் (ஒரு மோலார் கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்ற எண்) 68,000, 0.80-ஐ அதால் வகுத்தால் சாயம் 11.8 மைக்ரோமோலார். 280-ல் தெரிவதில் சாயத்தின் பங்கும் கலந்திருக்கும், 495 ரீடிங்கில் ஏறத்தாழ 0.3 மடங்கு. அதைக் கழித்தால் 0.56. ஐஜிஜியின் குணகம் 210,000. வகுத்தால் ஆன்டிபாடி 2.67 மைக்ரோமோலார். 11.8-ஐ 2.67-ஆல் வகுத்தால் 4.4. அதாவது ஒரு ஆன்டிபாடியின் மேல் சராசரியாக நான்கைந்து சாய மூலக்கூறுகள். மூன்றிலிருந்து ஆறு வரை நல்லது. நிறைய ஒட்டினால் நிறைய ஒளிரும் என்று பேராசைப்பட்டால் நடப்பது வேறு: பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த சாயங்கள் ஒன்றின் ஒளியை ஒன்று விழுங்கும், எதிர்மின்சுமை கூடிய ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டிப் பேக்ரவுண்டை ஏற்றும்.

ஆனாலும் உங்களிடம் இருப்பது ஒரு ப்ராஜெக்டுக்கான ஆறு மாதம். வாங்கிவிடுங்கள்.

வாங்கியதும் குப்பியோடு வந்த தாளில் '1:100' என்று போட்டிருப்பதை அப்படியே பின்பற்றாதீர்கள். அது அவர்கள் லேபின் விளக்குக்கும் ஸ்லைடுக்கும் பொருந்தியது. ஒரு வலுவான பாசிட்டிவ், ஒரு பலவீனமான பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ் என்று மூன்று சீரம் எடுத்து, கான்ஜுகேட்டை 1:50, 1:100, 1:200, 1:400, 1:800 என்று இறக்கிக் கட்டம் போட்டுப் பாருங்கள். வலுவான சீரம் தன் முழு டைட்டரை (எவ்வளவு நீர்த்தும் ஒளிர்கிறது என்ற அளவை) இன்னும் காட்டுகிற கடைசி அளவைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு படி முன்னால் நில்லுங்கள். அங்கே நெகட்டிவ் சீரம் இருட்டாகவும், பலவீனமான சீரம் தெரிவதாகவும் இருக்க வேண்டும். இதற்கு ஒரு நாள் போகும். பிறகு ஒரு மாதம் மிச்சமாகும். கலக்குவதற்கு முன் குப்பியிலிருந்து எடுத்ததை 10,000 ஜி-யில் பத்து நிமிடம் சுற்றி மேலே இருப்பதை மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் திரண்ட துணுக்குகள் ஸ்லைடு முழுக்கப் பச்சை நட்சத்திரமாக மின்னும், புதிதாகப் பார்ப்பவர் அதைக் கிருமி என்று எண்ணி உற்சாகமாகிவிடுவார்.

கிருமி எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'பச்சையாக ஒளிர்கிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே ஒளிர்கிறது? ஓரியன்சியா என்றால் செல்லின் சைட்டோபிளாசத்தில், பெரும்பாலும் நியூக்ளியஸுக்கு ஒட்டிய ஒரு பக்கத்தில், கேழ்வரகைக் கொட்டிவைத்தது போலச் சிறுசிறு புள்ளிகளாகவும் குட்டைக் கோல்களாகவும் கூட்டமாக இருக்கும். நியூக்ளியஸ் உருண்டையாக முழுசாக ஒளிர்ந்தால் அது கிருமியல்ல. அந்த ஆளிடம் நியூக்ளியஸுக்கு எதிரான ஆன்டிபாடி, ஏஎன்ஏ, இருக்கிறது. லூபஸ் பார்க்கும் லேபில் ஹெப்-2 செல்களை வைத்துத் தேடிப் பிடிப்பது இதையேதான். செல் முழுக்க ஒரே சீராகப் பச்சை பூசினது போல இருந்தால் பேக்ரவுண்டு. ஈவான்ஸ் ப்ளூ சாயம் கொஞ்சம் சேர்த்தால் செல்கள் சிவப்பாகத் தெரியும், அந்தச் சிவப்பில் பச்சைப் புள்ளிகள் தனியாக எழும்பும். கிருமி ஏற்றாத அதே செல்களின் ஸ்லைடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சந்தேகமே வராது. உங்கள் நான்கு பேரின் ஸ்லைடையும் இந்தக் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள்.

இப்படி வகை பிரித்துப் பார்ப்பது வெறும் லேப் சுத்தபத்தம் என்று தோன்றலாம். 1968-ல் பாரிஸில் ழான் பெர்ஜேயும் நிகோல் ஆங்க்லேயும் சிறுநீரக பயாப்ஸிகளில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கான்ஜுகேட் போட்டுப் பார்த்தபோது, சிலருடைய வடிகட்டிகளின் நடுத் திசுவான மெசாஞ்சியத்தில் ஐஜிஏ படிந்திருப்பதைக் கண்டார்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அந்த நோய்க்கென்று தனி அடையாளம் கிடையாது. அவர்கள் எச்+எல் ஒன்றை மட்டும் போட்டிருந்தால் 'ஏதோ இம்யூனோகுளோபுலின் படிந்திருக்கிறது' என்று எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு ஐஜிஏ நெஃப்ரோபதி என்று தனி நோயாக அதைச் சொல்கிறோம்.

லேசான சங்கிலியைப் பிடிப்பது எப்போதும் தொல்லைதான் என்றும் இல்லை. பி செல் லிம்ஃபோமா பார்ப்பவர்கள் வேண்டுமென்றே காப்பாவுக்கு ஒரு நிறம், லாம்டாவுக்கு ஒரு நிறம் என்று போடுவார்கள். நல்ல ரத்தத்தில் காப்பா இரண்டு பங்கு, லாம்டா ஒரு பங்கு என்ற கணக்கில் பி செல்கள் இருக்கும். ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டால் ஒரே செல்லின் வம்சம் பெருகிவிட்டது என்று சந்தேகம். ஆனால் அங்கேயும் செல்களை முதலில் நன்றாகக் கழுவிச் சீரத்தை நீக்காவிட்டால், மிதந்துகொண்டிருக்கும் இம்யூனோகுளோபுலினே கான்ஜுகேட்டை எல்லாம் குடித்துவிடும். நான் ஐந்து சதவீதச் சீரத்தில் செய்த அதே கூத்து.

இனி இன்டென்டில் (கொள்முதல் கோரிக்கையில்) எழுத வேண்டியது. ஆட்டில் தயாரித்தது, எஃப்ஏபி-டூ துண்டு, ஆன்டி-ஹியூமன் ஐஜிஎம், மியூ செயின் ஸ்பெசிஃபிக், அஃபினிட்டி சுத்திகரிப்பு செய்தது, மாடு மற்றும் சுண்டெலி சீரத்துக்கு எதிராகக் கழித்தது, ஃபிட்சி. இன்னொரு குப்பி அதே போல ஆன்டி-ஹியூமன் ஐஜிஜி, காமா எஃப்சி ஸ்பெசிஃபிக். கூடவே ஐஜிஜி அப்சார்பென்ட். மோனோகுளோனல் வாங்கலாமா என்று கடைக்காரர் கேட்பார். அது ஒரே ஒரு புள்ளியைத்தான் பிடிக்கும் என்பதால் ஒளி குறைவாக இருக்கும், ஸ்லைடு வேலைக்குப் பல புள்ளிகளைப் பிடிக்கும் பாலிகுளோனலே வசதி. இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் ஒரே ஸ்லைடில் போட ஆசை வரும். வேண்டாம். ஐஜிஎம் ஸ்லைடுக்கு ஐஜிஜி நீக்கிய சீரம், ஐஜிஜி ஸ்லைடுக்கு நீக்காத சீரம், அதனால் தனித்தனி ஸ்லைடுதான். ஐஜிஎம் ஸ்லைடை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் 37 டிகிரி ஈரப் பெட்டியில் வையுங்கள். பெரிய மூலக்கூறு, மெதுவாகத்தான் நகரும்.

கண்ட்ரோல்களில் எல்லாரும் மறப்பது ஒன்று உண்டு. ஐஜிஜி நன்றாக இருந்து ஐஜிஎம் இல்லாத ஒரு சீரம், காய்ச்சல் வந்து வெகுநாள் ஆனவருடையது, எங்கேயாவது தேடிப் பிடியுங்கள். புது மியூ கான்ஜுகேட்டை அதன் மேல் போட்டால் ஸ்லைடு இருட்டாக இருக்க வேண்டும். ஒளிர்ந்தால் உங்கள் கான்ஜுகேட்டோ ஐஜிஜி நீக்கலோ சரியில்லை, நோயாளிகளின் சீரத்தைத் தொடவே வேண்டாம். இதோடு, சீரமே போடாமல் பஃபரும் கான்ஜுகேட்டும் மட்டும் போட்ட ஒரு ஸ்லைடு தினமும்.

நோயாளிகளிடம் முடிந்தால் பத்துப் பதினைந்து நாள் கழித்து இரண்டாவது சீரமும் வாங்குங்கள். முதலில் 1:64, பிறகு 1:256 என்று நான்கு மடங்கு ஏறியிருந்தால் அது எந்த ஒற்றை ஐஜிஎம் முடிவையும்விட உறுதியான சாட்சி. காய்ச்சல் போனதும் ஆள் திரும்பி வரமாட்டார் என்பது வேறு விஷயம். பஸ் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டியிருக்கும், அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி சேருங்கள்.

பழைய எச்+எல் குப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். புது பேட்ச் ஸ்லைடு வந்தால் ஆன்டிஜென் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, நெகட்டிவ் என்று வந்த சீரத்தில் எந்த வகை ஆன்டிபாடியும் இல்லை என்று உறுதி செய்ய அது நன்றாகப் பயன்படும். மூடியில் மார்க்கரால் 'மொத்த ஐஜி மட்டும்' என்று எழுதி, ஃப்ரீசரில் போடாமல் 4 டிகிரியில் இருட்டில் வையுங்கள். அந்த நான்கு பேரின் சீரத்தையும் பத்திரப்படுத்துங்கள். புதுக் குப்பிகள் வந்ததும் முதலில் ஓட்ட வேண்டியது அவர்களுடையதைத்தான்.